அந்தப் பத்தி ஏன் காலி: இணை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். பச்சிளங்குழந்தைகள் சிறப்பு வார்டின் கேஸ் ஷீட்டுகளில் ‘எஃப்ஐஓ2’ பத்தி, அதாவது குழந்தை மூச்சிழுக்கும் காற்றில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று எழுத வேண்டிய இடம், ஏன் நிரப்பப்படவில்லை என்று விளக்கம் கேட்ட குறிப்பாணை கிடைத்தது. ‘இனி கவனமாக இருப்போம்’ என்று எழுதச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்துவிட்டோம். உண்மையான பதில் அதில் இல்லை. அந்தப் பத்தியில் போட வேண்டிய எண் எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழி செய்யும் கருவி வார்டில் இல்லை.

மூக்கு வழியாகத் தொடர்ந்து அழுத்தம் கொடுத்துக் குழந்தையின் நுரையீரல் சுருங்காமல் வைத்திருக்கும் சிபேப் கருவி இருக்கிறது. ஆக்சிஜனைக் காற்றோடு அளந்து கலக்கும் பிளெண்டர்தான் இல்லை. சுவர்க் குழாயிலிருந்து ஆக்சிஜன் நேராக வருகிறது. பாட்டில் தண்ணீரில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழாய் இறங்கியிருக்கிறது, குமிழி வருகிறது, அழுத்தம் சரி. ஆனால் குழந்தையின் மூக்குக்குப் போவது கிட்டத்தட்ட சுத்த ஆக்சிஜன். சரியாக எத்தனை சதவீதம் என்று அளக்கவும் வழியில்லை, எவ்வளவு போதும் என்று குறைத்துப் பார்க்கவும் வழியில்லை.

முப்பது வாரத்தில் பிறந்த குழந்தையை ஊதச் சொல்லி நுரையீரலைச் சோதிக்க முடியாது. நெஞ்சு உள்வாங்குகிறதா, மூக்கு விரிகிறதா, முனகுகிறதா என்று பார்த்து, மூச்சுத் திணறலின் அளவைச் சொல்லும் சில்வர்மேன் ஸ்கோர் போடுகிறோம். அதற்குக் கண்ணும் காதும் போதும், அது எல்லா ஷீட்டிலும் இருக்கிறது. அடுத்த கேள்வி, எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தால் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு, எவ்வளவு நிற்கிறது என்பது. வெறும் காற்றில், அதாவது 21 சதவீதத்தில், 92 காட்டும் குழந்தையும் 60 சதவீதத்தில் 92 காட்டும் குழந்தையும் ஒன்றல்ல. முதல் குழந்தைக்குக் காத்திருக்கலாம். இரண்டாவது குழந்தைக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. சிபேப்பில் வைத்த பிறகும் 30 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் தேவைப்பட்டால், முதிராத நுரையீரல் விரிய உதவும் சர்ஃபாக்டன்ட் மருந்தைக் கொடுங்கள் என்கின்றன ஐரோப்பிய வழிகாட்டுதல்கள். அதையும் தாமதிக்காமல் கொடுத்தால்தான் பலன். எங்கள் மானிட்டரில் இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே 92.

அண்மையில் ஒரு குழந்தையை மருத்துவக் கல்லூரிக்கு ரெஃபர் செய்யப் போன் போட்டோம். அந்தப் பக்கம் பேசிய டாக்டர் கேட்ட முதல் கேள்வியே “எஃப்ஐஓ2 எவ்வளவு சிஸ்டர்?” என்பதுதான். “அஞ்சு லிட்டர் போகுது சார்” என்றேன். “லிட்டர் கேக்கல, பர்சன்ட் கேட்டேன்” என்றார். அவர் கேட்டதில் தவறே இல்லை. கட்டில் ஒதுக்க வேண்டுமா, சர்ஃபாக்டன்டை எடுத்து வைக்க வேண்டுமா என்று அவர் அதை வைத்துத்தானே முடிவு செய்ய வேண்டும்? போனைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். பக்கத்தில் அந்தக் குழந்தையின் அப்பா. “92 நல்ல நம்பர்தானே சிஸ்டர்?” என்று கேட்டார். அவரிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று குறிப்பாணையில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

பிளெண்டர் இல்லாததால் இன்னொரு கேடும் உண்டு. குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜன் அதிகமானால் விழித்திரை கெடும் என்பது 1950களிலேயே தெரிந்த விஷயம். சாச்சுரேஷன் 95ஐத் தாண்டினால் ஆக்சிஜனைக் குறைக்கச் சொல்லிப் பயிற்சியில் கற்றுத் தந்தீர்கள். எதைத் திருகிக் குறைப்பது? ஃப்ளோவைக் குறைத்தால் அழுத்தமும் போகிறது. 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்களை 30 நாளைக்குள் கண் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்கிறீர்கள், அனுப்புகிறோம். இங்கே கெடுத்துவிட்டு அங்கே பார்க்கச் சொல்லும் ஏற்பாடு இது.

ஆகவே கேட்பது ஒன்றுதான்: ஒவ்வொரு சிபேப்புக்கும் ஒரு பிளெண்டர், அதற்கு மருத்துவக் காற்றுக்கான இணைப்பு.

அந்த இணைப்புதான் யாருக்கும் நினைவில் இல்லை. கொரோனாவுக்குப் பிறகு ஆக்சிஜன் பிளான்ட் வந்தது, ரிப்பன் வெட்டினார்கள், கல்வெட்டு வைத்தார்கள். ஆக்சிஜனுக்குக் குறைவில்லை. காற்றுக்குத்தான் பஞ்சம். காற்றுக்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்? வார்டு வாசலுக்குப் புதிதாக டைல்ஸ் போட்டாகிவிட்டது, ஆய்வுக்கு வருகிறவர்கள் செல்ஃபி எடுக்கத் தாய்ப்பால் விழிப்புணர்வு ஃப்ரேமும் மாட்டியாகிவிட்டது. பிளெண்டர் கேட்டு அனுப்பும் கோரிக்கைப் படிவமான இன்டென்ட் மட்டும் ‘நிதி ஒதுக்கீட்டுக்கு உட்பட்டு’ என்ற குறிப்போடு திரும்பி வருகிறது.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிளெண்டர் வரத் தாமதமாகும் என்றால் அதுவரை ஒரு மருத்துவ ஏர் கம்ப்ரசர், இரண்டு ஃப்ளோ மீட்டர், இரண்டு குழாயையும் ஒன்றாகச் சேர்க்கும் ஒய் கனெக்டர், கையடக்க ஆக்சிஜன் அனலைசர் ஒன்று தாருங்கள். மூன்று லிட்டர் ஆக்சிஜனோடு ஏழு லிட்டர் காற்று கலந்தால் சுமார் 45 சதவீதம். கணக்கை நாங்கள் போட்டுக்கொள்கிறோம், அனலைசரில் சரிபார்த்துக்கொள்கிறோம். ஆனாலும் இது தற்காலிகம்தான். தேவை பிளெண்டர், ஒவ்வொரு சிபேப்புக்கும்.

இன்டென்ட்டின் நகல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் இருக்கிறது. தயவுசெய்து இந்தக் காலாண்டுக் கொள்முதலில் அதைச் சேர்த்து உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பெயர் போடாததற்கான காரணம் உங்களுக்கே தெரியும், இன்னொரு குறிப்பாணைக்கு விளக்கம் எழுத நேரமில்லை.

இப்படிக்கு,
வார்டில் இரவுப் பணியில் இருக்கும் ஒரு செவிலியர்