26 சிசி எஞ்சினைத் தண்ணீரில் இறக்குங்கள்

பர்கூர், செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரிகளின் மெக்கானிக்கல் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கும், தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் கிருஷ்ணகிரியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மாந்தோப்புக்காரர்களின் பவர் ஸ்பிரேயரும் புல்வெட்டும் மெஷினும் பழுதுக்கு வரும். ரிமோட்டில் ஓடும் மாதிரிப் படகுகளுக்கு எஞ்சின் செட் செய்வதில் எனக்கு நெடுநாள் ஈடுபாடு. அந்த உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் இரண்டு கல்லூரிகளுக்கும் இடையே ஒரு மாதிரிப் படகுப் பந்தயம் நடத்துங்கள். ஒரே ஒரு பிரிவு போதும்: 26 சிசி பெட்ரோல் டூ ஸ்ட்ரோக். எஞ்சின் நம் ஊர்க் கடையில் கிடைக்கும் ஸ்பிரேயர் எஞ்சினாகவே இருக்கட்டும். ஆனால் புகைபோக்கி பைப்பும் தண்ணீர் ஜாக்கெட்டும் மாணவர்கள் கணக்குப் போட்டு, தங்கள் கையால் செய்ததாக இருக்க வேண்டும்.

படகு எதற்கு, கார் போதாதா என்று கேட்கலாம். காரில் கியர் விகிதத்தை மாற்றி எஞ்சினின் குறையை மறைத்துவிட முடியும். இந்தப் படகுகளில் கியர் கிடையாது, கிளட்சும் பெரும்பாலும் கிடையாது. கிராங்க் எத்தனை சுற்றோ, புரொப்பல்லரும் அத்தனை சுற்று. புரொப்பல்லர் கேட்கும் சக்தியோ சுற்று வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். வேகத்தை 20 சதவீதம் கூட்ட வேண்டுமென்றால் சுமார் 1.7 மடங்கு சக்தி வேண்டும். அதற்கும் முன்னால் படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே எழ வேண்டும். எஞ்சின் பாதிச் சுற்றில் திணறும் நேரத்தில்தான் இழுவை அதிகம் தேவைப்படுகிறது. உச்ச சுற்றுக்கென்று செய்த பைப்பை மாட்டி, பெரிய புரொப்பல்லரையும் போட்டால் எஞ்சின் அந்தச் சுற்றை எட்டவே எட்டாது. எஞ்சின் சக்தியை அளக்கும் டைனமோமீட்டரில் அருமையாக வந்த எஞ்சின் ஏரியில் முக்கிக்கொண்டு நிற்பதற்கு இதுதான் காரணம். எந்தச் சுற்றில் எவ்வளவு முறுக்குவிசை என்று வகுப்பில் வரையும் டார்க் வளைவுக்கு உயிர் வரும் இடம் இது.

பைப்பைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் டூ ஸ்ட்ரோக்கின் சூட்சுமம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. சிலிண்டர் சுவரில் புகை வெளியேறும் துளையான எக்ஸாஸ்ட் போர்ட் திறந்ததும் ஓர் அழுத்த அலை பைப்பில் ஓடுகிறது. பைப்பின் விரியும் கூம்பைத் தொட்டதும் உறிஞ்சும் அலை ஒன்று திரும்பி வந்து சிலிண்டரைக் காலி செய்ய உதவுகிறது. குறுகும் கூம்பில் மோதித் திரும்பும் அலையோ, வெளியே நழுவப் பார்க்கும் புதுக் கலவையைப் போர்ட் மூடுவதற்குச் சற்று முன் உள்ளே தள்ளுகிறது. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் வால்டர் காடன் 1950களில் இதைப் பக்குவப்படுத்தினார். 1961-இல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறனைத் தொட்டது, அதாவது ஒரு லிட்டர் எஞ்சின் கொள்ளளவுக்கு 200 குதிரைத்திறன். அதே வருஷம் அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பிப் போய் அந்த வித்தையை சுசூகிக்குக் கொடுத்தார். 1962-இல் சுசூகி 50 சிசி உலகப் பட்டத்தை வென்றது. இத்தனைக்கும் கருவாக இருந்தது தகரத்தில் செய்த இரண்டு கூம்புகள்!

கணக்கும் உங்கள் மாணவர்களுக்கு எட்டாதது அல்ல. எக்ஸாஸ்ட் போர்ட் 160 பாகை திறந்திருக்கிறது, எஞ்சின் 14,000 ஆர்.பி.எம்.மில் ஓடுகிறது என்று வையுங்கள். போர்ட் திறந்திருக்கும் நேரம் ஏறக்குறைய 1.9 மில்லி விநாடி. சூடான புகையில் ஒலி விநாடிக்கு 500 மீட்டர் போகும் என்று எடுத்தால், அதற்குள் 95 சென்டிமீட்டர் கடக்கும். போய்த் திரும்ப வேண்டுமே, ஆகவே பாதி: 47, 48 சென்டிமீட்டர். 11,000 ஆர்.பி.எம்.முக்கு இதே கணக்கைப் போட்டால் 60 சென்டிமீட்டரைத் தாண்டும். இது காகிதக் கணக்குதான். புகையின் சூடு மாறினால் ஒலியின் வேகமும் மாறும். அதனால் எஞ்சினோடு பைப்பை இணைக்கும் மேனிஃபோல்டுக்கும் பைப்புக்கும் நடுவில் சிலிக்கான் டியூப் போட்டு, பைப்பைச் சில மில்லிமீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நகர்வையும் நோட்டில் எழுதும் அணிதான் தேறும்.

அப்புறம் குளிர்விப்பு. ஸ்பிரேயர் எஞ்சின் காற்றில் குளிர்வது. படகின் மூடிக்குள் அது நடக்காது, அலுமினியத்தில் ஒரு தண்ணீர் ஜாக்கெட் கடைந்து மாட்ட வேண்டும். தண்ணீர் எவ்வளவு போனாலும் நல்லதுதானே என்று பலரும் நினைக்கிறார்கள், அது தப்பு. சிலிண்டர் சில்லென்று சுருங்கி நிற்க, உள்ளே பிஸ்டன் மட்டும் சூடேறி விரிந்தால் இடைவெளி போய்ப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் வழியைச் சிறிதாக்கி, வெளியேறும் தண்ணீரின் சூட்டை அளந்து பழகட்டும்.

நாவிகா என்ற சர்வதேச மாதிரிப் படகு அமைப்பில் 3.5, 7.5, 15 சிசி பிரிவுகளும் உண்டு. அவை மெத்தனாலில் ஓடுபவை. அந்த எஞ்சின்களின் அழகு எனக்கும் தெரியும். ஆனாலும் கல்லூரிக்குள் அது வேண்டவே வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். உரிமம் இல்லாமல் அதை வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. பெட்ரோலோடு டூடி ஆயில் கலந்து வேலையை முடிக்கலாம்.

விதிகளில் நான் பிடிவாதமாகச் சொல்வது இரண்டு. ஒன்று, வெற்றியை ஒரு சுற்றின் வேகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். 20 நிமிடம் நிற்காமல் ஓடி, யார் அதிகச் சுற்று போட்டார்களோ அவர்களுக்குப் பரிசு கொடுங்கள். ஒரு சுற்று பறந்துவிட்டு வெந்துபோகும் எஞ்சினை மெச்ச வேண்டியதில்லை. இன்னொன்று சத்தம். 10 மீட்டர் தள்ளி அளந்தால் 80 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று வையுங்கள். சத்தத்தால் ஊராரின் பகையைச் சம்பாதித்தால் அடுத்த வருஷம் பந்தயமே இருக்காது. ரிமோட் சிக்னல் போனால் த்ராட்டில் தானாக மூட வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை. 7, 8 கிலோ எடை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கரையேறினால் ஆளைக் கொன்றுவிடும்.

இடத்துக்குக் கே.ஆர்.பி. அணை சரிப்படாது. பரப்பு பெரிது, காற்றடித்தால் அலை எழும். அவதானப்பட்டி ஏரி போல அடக்கமான தண்ணீரில், சவாரிப் படகுகள் ஓடாத நேரத்தில், முறையாக அனுமதி வாங்கி நடத்தலாம். நடுவில் நின்றுபோகும் படகை எடுத்துவர ஒகேனக்கல் பக்கத்துப் பரிசல்காரர் ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இதை இப்போதே கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 1980-இல் டூ ஸ்ட்ரோக் மொபெட்டான டிவிஎஸ் 50 வெளிவந்தது நம் ஓசூரிலிருந்து. அந்தக் காலத்தில் போர்ட் தேய்த்தும் கார்பன் எடுத்தும் கைபழகியவர்கள் இன்னும் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பட்டறைகளில் இருக்கிறார்கள். எக்ஸாஸ்ட் சத்தத்தை வைத்தே கலவை சரியா என்று சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு வயதாகிறது. பட்டப்படிப்பு படிக்கும் பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் உட்கார வைக்க, இதைவிட நல்ல சாக்கு எனக்குத் தெரியவில்லை.

மா அறுவடை முடிந்ததும் தோப்புகளில் ஸ்பிரேயர்கள் சும்மா கிடக்கும். பழைய எஞ்சின்கள் சிலவற்றைப் பேசி வாங்கித் தருகிறேன். போர்ட் திறக்கும் டைமிங் பார்க்கும் டிகிரி வீலும், பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டர் ஹெட்டுக்கு நடுவில் மிஞ்சும் ஸ்க்விஷ் இடைவெளியை அளக்க ஈயக்கம்பியும் பட்டறையில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் லேத் மாணவர்களுக்கு. பொறுப்பாசிரியர் ஒருவரை மட்டும் இரண்டு துறைகளும் முடிவு செய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரி லேத் பட்டறைக்காரன்