இந்தப் பருவத்துக்கான சொல்: கேண்மை

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இந்தப் பருவம் முழுவதும் காலை இறைவணக்கக் கூட்டத்தில் 'கேண்மை' என்ற சொல்லைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசப் போகிறோம். நட்பு என்றே சொல்லலாமே, பழைய சொல் எதற்கு என்று ஆசிரியர்கள் சிலர் கேட்டார்கள். காரணம் இருக்கிறது.

பழந்தமிழில் 'கேள்' என்றால் உறவினர், நண்பரும் கேள்தான். பன்மையில் கேளிர். நாள்மீன் நாண்மீன் ஆவதுபோல, கேள் என்பதோடு 'மை' சேர்ந்து கேண்மை ஆகிறது. சொந்தத்துக்கும் சிநேகிதத்துக்கும் நடுவில் கோடு கிழிக்காத சொல் இது.

"யாதும் ஊரே யாவரும் கேளிர்" பாடிய கணியன் பூங்குன்றனாரின் ஊர் நம் மகிபாலன்பட்டிதான் என்பது அறிஞர்கள் கருத்து. தமிழறிஞர் பண்டிதமணி கதிரேசன் செட்டியார் 1881-இல் பிறந்ததும் அங்கேதான்.

வள்ளல் பாரியின் பறம்பு மலை என்று சொல்லப்படும் பிரான்மலையும் நமக்குப் பக்கம். பாரி இறந்த பிறகு, அவன் மகள்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோ, இருங்கோவேள் என்ற சிற்றரசர்களிடம் மணம் பேசப் போனவர் பாரியின் நண்பரான புலவர் கபிலர். இரண்டு இடத்திலும் காரியம் கைகூடவில்லை. இருங்கோவேளிடம் அவர் பேசியது புறநானூற்றின் 201-ஆம் பாட்டு. இவர்கள் யார் என்று நீ கேட்பாயானால் எனத் தொடங்கி, பாரி மகளிர் என்று சொல்லிவிட்டு, "யானே தந்தை தோழன், இவர் என் மகளிர்" என்கிறார். அவர் அந்தணப் புலவர், பாரி வேளிர் குலத்து அரசன். ரத்த உறவு கிடையாது. ஆனாலும் என் மகள்கள் என்று சொல்ல அவருக்குத் தயக்கமே இல்லை. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிடும்.

நம் வீடுகளிலும் ஒரு பிள்ளை உள்ளே வந்தால் முதல் கேள்வி, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்பதுதான். பாசமாகத்தான் கேட்கிறோம், சரி. ஆனால் ஊரும் தெருவும் தெரிந்ததும் சில வீடுகளில் பெரியவர்களின் முகம் மாறிவிடுகிறது. பிள்ளைகள் அதைக் கவனிக்கிறார்கள். மறுநாள் மதியச் சாப்பாட்டில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதிலேயே அது தெரிகிறது. எனக்கு இது மிகவும் வருத்தம். அந்தப் பிள்ளைக்கு என்ன விளையாட்டுப் பிடிக்கும், என்ன படிக்கப் பிடிக்கும் என்று கேளுங்கள். அப்பத்தா, ஐயாமாரிடமும் சொல்லி வையுங்கள்.

அப்புறம், வாட்ஸ்அப் குழு. "கேளிழுக்கம் கேளாக் கெழுதகைமை" என்கிறது குறள். நண்பரின் தவறைப் பிறர் வந்து சொன்னாலும் காதில் வாங்காத உரிமை அது. பிள்ளைகளின் சண்டையை மூன்றாம் ஆள் சொல்லிக் கேட்டுக் குழுவில் எழுதாதீர்கள். நேரே வகுப்பாசிரியரிடம் வாருங்கள்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மகிபாலன்பட்டிக்கும் பிரான்மலைக்கும் அழைத்துப் போகிறோம். அனுமதிப் படிவம் டைரியில் இருக்கிறது. கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் அவசியம். மதியம் எல்லார் கட்டுச்சோற்றையும் ஒன்றாக வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவார்கள். அதனால் ஒரு கை கூடுதலாகவே கட்டிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்