பழைய காரில் பாட்டு வேண்டும், டேஷ்போர்டை அறுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை, பொள்ளாச்சி, ஈரோடு வட்டாரங்களில் பாட்டனார் வாங்கிய அம்பாசிடரையும் ஃபியட்டையும் விற்க மனமின்றிப் பேணி வருகிற குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. மாப்பிள்ளை அழைப்புக்கோ குலதெய்வம் கோயிலுக்கோ அந்தக் காரை வெளியே எடுக்கும்போது, கைப்பேசியில் உள்ள பாட்டு அதில் ஒலிக்க வேண்டும் என்று வீட்டு இளைஞர்கள் விரும்புவது இயல்பே. ஆனால் அந்த விருப்பத்தை நிறைவேற்றுகிற முறையில், திரும்பப் பெற முடியாத ஒன்றை நாம் இழந்து வருகிறோம்.

அக்காலக் கார் ரேடியோவில் நடுவே அலைவரிசை காட்டும் கண்ணாடியும் இருபுறமும் சத்தத்தையும் நிலையத்தையும் மாற்றும் ஒவ்வொரு திருகும் இருக்கும். அதற்காக டேஷ்போர்டுத் தகட்டில் விடப்பட்டிருப்பது ஒரு சிறு திறப்பும் இரண்டு துளைகளும் மட்டுமே. இன்றைய ஸ்டீரியோவுக்கோ ஏறக்குறைய 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் உள்ள செவ்வகத் திறப்பு தேவைப்படுவதால், துளைகளுக்கு இடைப்பட்ட தகட்டை அறுத்து எடுத்துவிடுகிறார்கள். ஸ்பீக்கருக்காகக் கதவுகளிலும் வட்டம் வெட்டுகிறார்கள். பிறகு எவ்வளவு நேர்த்தியாகப் பற்றவைத்துப் பெயின்ட் அடித்தாலும் அந்தத் தகடு பழைய தகடாகாது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021இல் கொண்டுவந்த விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து அசல் வடிவில் இருக்கும் வாகனங்களுக்கே ‘விஏ’ என்னும் எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண் கிடைக்கும் என்பதையும் உரிமையாளர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

பழைய காரில் புதிய பாட்டே கூடாது என்போரின் கருத்தையும் நான் ஏற்கவில்லை. 1930இல் அமெரிக்காவில் ‘மோட்டோரோலா’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்த கார் ரேடியோவே, வாங்கிய காரில் பின்னர் பொருத்திக்கொள்ளும் பொருளாகத்தான் வந்தது. சேர்ப்பது தவறில்லை, சேர்த்ததை ஒரு நாள் கழற்றினால் கார் முன்பிருந்தபடியே இருக்க வேண்டும்.

இதற்குப் புதிதாக வாங்க வேண்டியதும் அதிகம் இல்லை. பேட்டரி செத்துப்போய்த் தூக்கி எறியப்பட்ட கையடக்கப் புளூடூத் ஸ்பீக்கர்கள் உக்கடத்துப் பழைய பொருள் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அவற்றின் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் போர்டு பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்யும். அந்தப் போர்டுக்கு 5 வோல்ட் போதும். பழைய கார் சார்ஜர் ஒன்றின் உட்பகுதியே 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்துத் தந்துவிடும். ஓடாமல் போன ரேடியோவின் கூட்டுக்குள் இந்த இரண்டையும் அமைத்து, சத்தத் திருகிலேயே உள்ள பழைய சுவிட்சின் வழியாக மின்சாரம் கொடுத்தால், வெளியே இருந்து பார்ப்பவருக்கு அதே கண்ணாடி, அதே திருகுகள்தாம் தெரியும். கூட்டிலிருந்து எடுத்த பாகங்களை ஒரு டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வைத்துவிட வேண்டும். இன்னும் பாடிக்கொண்டிருக்கும் ரேடியோவையோ, பழுது பார்த்தால் பாடக்கூடிய ரேடியோவையோ இதற்காகப் பிரிப்பது மட்டும் பெரும் பிழை.

டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள பழைய ஒற்றை ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழியாமல் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். பழைய வயரிங்கில் ஸ்பீக்கரின் ஒரு கம்பியைக் காரின் பாடியோடு இணைத்திருப்பார்கள். இன்றைய போர்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அது ஆகாது. இரண்டு கம்பிகளையும் பாடியில் படாமல் தனியே கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் போர்டு எரிந்துவிடும். போர்டில் இடம், வலம் என்று இரண்டு வெளியீடுகள் இருந்தால் அவற்றை ஒன்றாக முறுக்கிவிடாமல், ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கைப்பேசியின் அமைப்பில், இரு பக்க ஒலியையும் ஒன்றாகக் கலந்து தரும் ‘மோனோ’வைத் தேர்ந்தெடுத்தால் போதும். இரண்டு ஸ்பீக்கர் வேண்டும் என்போர் பின் சீட்டுக்குப் பின்னுள்ள தட்டின் மேல் கழற்றக்கூடிய ஒரு பலகையை வைத்து, அதில் பொருத்திக்கொள்ளலாம்.

மின் இணைப்பில்தான் நம் பட்டறைக்காரர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். ஆங்கிலேய மரபில் வந்த பழைய கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும்; சிலவற்றில் பேட்டரியே 6 வோல்ட். வோல்ட் அளக்கும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் இன்றைய போர்டை அதில் இணைத்தால் புகைதான் வரும். அத்தகைய காரின் வயரிங்கைத் தொடாமல், பவர் பேங்கில் தனியே இயங்குமாறு அமைப்பதே நல்லது. ஆனால் சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் அந்தப் பவர் பேங்கை விட்டுவரக் கூடாது. மற்ற கார்களில் பேட்டரியிலிருந்து தனிக் கம்பி இழுத்து, பேட்டரிக்கு அருகிலேயே சிறு ஃபியூஸ் ஒன்று போட வேண்டும். பழைய டைனமோ தாங்குமா என்று அஞ்ச வேண்டியதில்லை: 45 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று கிட்டத்தட்ட 4 ஆம்பியர் இழுக்கிறது, இந்தச் சிறிய போர்டு ஓர் ஆம்பியர்கூட இழுப்பதில்லை.

அறுக்காத டேஷ்போர்டு எப்படி இருக்கும் என்று அறிய விரும்பும் இளைஞர்கள், கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையினர் நடத்தும் கார் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை சென்று வரலாம். பழைய கார் அணிவகுப்புகளை நடத்துவோர், பரிசுக்குரிய காரைத் தேர்ந்தெடுக்கும்போது டேஷ்போர்டும் கதவுகளும் வெட்டுப்படாமல் இருப்பதற்குத் தனி மதிப்பெண் அளிக்க வேண்டும் என்றும், நம் பகுதிப் பாலிடெக்னிக்குகளும் ஐ.டி.ஐ.களும் இந்த வேலையை மாணவர்களுக்குச் செய்முறைப் பயிற்சியாகக் கொடுக்க வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம்.