வாகுவரைக்கு ஒரு முற்பகல் ஒதுக்கு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய மூணாறு பயணத் திட்டத்தை மூன்று முறை படித்தேன். மூன்று நாள், பதினான்கு இடங்கள். எந்த இடத்தில் எத்தனை நிமிடம் என்பதுவரை குறித்திருக்கிறாய். ஆனால் அந்தப் பதினான்கில் வாகுவரை இல்லை. அம்மா பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தை விட்டுவிட்டு அம்மாவை மூணாறுக்கு அழைத்துப் போக நினைக்கிறாய். வயதான தாயையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஒரே வண்டியில் ஏற்றி மலைக்குப் போக நினைப்பவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் தேதியை மாற்று. பிப்ரவரி கடைசியில் லீவு கிடைக்கிறது என்கிறாய். அப்போது இரவிகுளம் தேசியப் பூங்கா மூடியிருக்கும். வரையாடுகள் குட்டி போடும் காலம் அது. ஆண்டுதோறும் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அவற்றைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று, பூங்காவில் நாம் போய்ப் பார்க்கக்கூடிய பகுதியான ராஜமலைக்கு யாரையும் விடுவதில்லை. நீ இரண்டாம் நாள் காலையை ராஜமலைக்கு ஒதுக்கியிருக்கிறாய். கதவடைத்த வாசலில் போய் நிற்பீர்கள். பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை முடியட்டும். ஏப்ரலில், விஷுக் கூட்டம் வடிந்த பிறகு, வார நாளாகப் பார்த்துப் போங்கள். குட்டிகள் அப்போது தாயின் பின்னாலேயே பாறைகளில் துள்ளிக்கொண்டிருக்கும். சின்னவனுக்கு அதைவிட வேறு என்ன காட்ட வேண்டும்? கோடை மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். காலையிலேயே மேலே போய்விட்டால் கவலையில்லை.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மட்டும் வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில் அறை வாடகை குறைவு என்று முன்பு ஒருமுறை சொன்னாய். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களின் மேல் விழுந்ததை மறந்திருக்க மாட்டாய். 70 பேர். எல்லோரும் நம்மைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் செய்தி வெளியே வரவே மறுநாள் காலை ஆயிற்று. ராஜமலையைத் தாண்டித்தான் பெட்டிமுடிக்குப் போக வேண்டும். இறந்தவர்களை அடக்கம் செய்ததும் ராஜமலையில்தான். அந்த நாட்களில் அம்மா தொலைக்காட்சியின் முன்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லை. "எங்கள் வீடும் இதேபோலத்தான் இருக்கும், பின்னால் சரிவு, முன்னால் ஓடை" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அதற்கு முன்பு அந்த வீட்டைப் பற்றி அவள் என்னிடம் அதிகம் பேசியதே இல்லை. நீ அப்போது சென்னையில் ஊரடங்கில் இருந்தாய். இதையெல்லாம் நீ பார்க்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன்.

அடுத்து வழி. போடிமெட்டு வழியாக ஏறுவதாக எழுதியிருக்கிறாய். அதுவும் நல்ல சாலைதான். ஆனால் நீங்கள் உடுமலை வழியாக வாருங்கள். சென்னையிலிருந்து பழனி வழியாகப் பாலக்காடு போகும் இரவு ரயிலில் ஏறினால் காலையில் உடுமலையில் இறங்கலாம். என் வீட்டில் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, அம்மாவையும் அழைத்துக்கொண்டு இங்கிருந்தே வண்டி எடுத்துப் புறப்படலாம். ஒன்பதாறு சோதனைச் சாவடியை வெளிச்சம் இருக்கும்போதே கடந்துவிட வேண்டும்; இரவில் அந்தக் காட்டுப் பாதையில் விடமாட்டார்கள். உள்ளே போனபின் வண்டியை நிறுத்தாதே. யானை குறுக்கே வந்தால் எஞ்சினை உறுமவிடாமல், ஒலிப்பானை அடிக்காமல், தள்ளியே காத்திரு. குரங்குக்குப் பிள்ளைகள் எதையும் நீட்டக்கூடாது.

இந்த வழியை நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மலை என்றால் என்ன என்பது இந்தச் சாலையில்தான் பிள்ளைகளுக்குப் புரியும். சின்னாறு மழை மறைவுப் பகுதி. முள்மரமும் கள்ளியுமாகக் காய்ந்து கிடக்கும். மேலே மறையூரில் சாலையோரம் வேலி போட்ட சந்தனக் காடு. அதையடுத்துக் கரும்பு வயல், வெல்லம் காய்ச்சும் கொட்டகை. அதற்கும் மேலே போகப் போகத் தேயிலை, குளிர், மஞ்சு. ஒரு நாளுக்குள் வெயிலிலிருந்து ஸ்வெட்டருக்கு ஏறிவிடுவீர்கள். மறையூரில் முதல் இரவு தங்குங்கள். சுடச்சுட வெல்லம் வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடு. பாறை மேட்டில் கல்லடுக்கி வைத்த முனியறைகளை, அந்தப் பழங்காலக் கல்லறைகளை, பெரியவள் பார்க்கட்டும். வரலாறு பிடிக்கும் பிள்ளை அவள்.

மறுநாள் காலை மூணாறு போகும் வழியில் லக்கம் அருவி வரும். பத்து நிமிடம் நின்றால் போதும். அங்கே சின்னவனுக்கு ஒன்று சொல். இந்தத் தண்ணீர் இரவிகுளத்தின் புல்வெளியில் ஊறி வருகிறது; பாம்பாற்றில் சேர்ந்து நம் அமராவதி அணைக்குள் வந்து, கரூரைத் தாண்டிக் காவிரியில் கலக்கிறது. அத்தையின் ஊர் வயலில் பாய்வது இதுதான் என்று சொல். மேற்கே ஓடும் கேரளத்து நதிகளுக்கு நடுவில் இது நம் பக்கம் திரும்பியது. புல்லும், மடிப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் சோலைக் காடும் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாக விடுவதால்தான் கோடையிலும் ஓடையில் நீர் இருக்கிறது.

அதற்குப் பிறகு வாகுவரை. அந்தச் சாலையின் மேலேயே இருக்கிறது, நீ எங்கும் திரும்ப வேண்டியதில்லை. அங்கே யார் வீட்டுக்குப் போவது என்று நீ கேட்கலாம். போக வீடு இல்லைதான். தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் லயத்தில் குடியிருக்கலாம். தாத்தா ஓய்வு பெற்றதும் சாவியைக் கொடுத்துவிட்டு மலையிறங்கினார். அதனால்தான் அம்மா இத்தனை ஆண்டுகளாகப் போகவில்லை. தங்குவதற்கு ஒரு திண்ணைகூட இல்லாத ஊருக்கு எந்த முகத்தோடு போவது என்று நினைத்தாளோ என்னவோ. சாலையோரத்துத் தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்து. அங்கே எல்லோரும் தமிழ்தான் பேசுவார்கள். அம்மா தானே பேச்சுக் கொடுப்பாள். லயத்துப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும் என்றால் தோட்ட அலுவலகத்தில் முறையாக அனுமதி கேள். அது தனியார் நிலம், மனிதர்கள் குடியிருக்கும் இடம், காட்சிப் பொருள் அல்ல. புகைப்படம் எடுப்பதையும் கேட்டுவிட்டுச் செய். நேரம் மட்டும் குறிக்காதே. அம்மா கிளம்பலாம் என்று சொல்லும்போது கிளம்பு.

ராஜமலையை மூன்றாம் நாள் காலையில் வைத்துக்கொள். டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடு. கீழே வண்டியை நிறுத்திவிட்டு வனத்துறை பஸ்ஸில்தான் மேலே போக வேண்டும். பிளாஸ்டிக் பைகளை வீட்டிலேயே விட்டுவிடு. பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்து ஏற்றமான தார்ச்சாலை. அம்மாவின் முழங்கால் எவ்வளவு தூரம் தாங்குகிறதோ அவ்வளவு போதும். வரையாடுகள் சாலையோரத்துக்கே வந்து மேயும். கடைசிவரை நடந்தால்தான் தெரியும் என்பதில்லை. முதுகில் சேணம் வைத்ததுபோல வெளுத்த திட்டு இருந்தால் அது வயதான கடா என்று பிள்ளைகளிடம் சொல், எண்ணிப் பார்க்கட்டும். பழந்தமிழில் வருடை என்று பெயர் பெற்ற விலங்கு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு. தமிழ்நாடும் கேரளமும் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் வாழ்வதில்லை. தொடவும் கூடாது, தின்னக் கொடுக்கவும் கூடாது. நிமிர்ந்து பார்த்தால் 2,695 மீட்டர் ஆனைமுடி. இமயத்துக்குத் தெற்கே இந்தியாவில் இதைவிட உயரம் இல்லை.

இந்தப் பூங்காவின் 97 சதுர கிலோமீட்டரும் ஒரு காலத்தில் தேயிலைத் துரைமார்கள் வேட்டையாடிய இடம். அப்போது காவலுக்கு இருந்தவர்கள் இந்த மலையின் பழங்குடிகளான முதுவர்கள். 1971இல் கேரள அரசு தோட்டத்தின் உபரி நிலங்களை எடுத்துக்கொண்டது. 1975இல் சரணாலயம், 1978இல் தேசியப் பூங்கா. பெரியவள் குறிஞ்சி பூத்திருக்குமா என்று கேட்பாள். 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்தது 2030. அதற்கும் அவளை அழைத்து வருவதாக இப்போதே வாக்குக் கொடு.

மற்றவற்றை எடுத்துவிடு. தேக்கடி வேறொரு பயணம். போக வரவே ஒரு நாள் சாலையில் போய்விடும். கொழுக்குமலை ஜீப் பாதையில் அம்மாவின் இடுப்பு தாங்காது. எக்கோ பாயிண்டில் கத்துவதற்குக் காத்திருக்கும் நேரத்தில் மாட்டுப்பட்டி அணையோரம் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடலாம். மழை பிடித்துக்கொண்டால் நல்லதண்ணியில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒரு குட்டி ரயில் ஓடியதையும், 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனதையும் அங்கே பிள்ளைகள் தெரிந்துகொள்வார்கள். மலையாள ஆண்டு 1099 என்பதால் அதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்கள். தாத்தாவும் அப்படித்தான் சொல்வார்.

தங்குமிடம் பார்க்கும்போது ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்பதைவிட, வண்டி நிற்கும் இடத்திலிருந்து அறைக்கு எத்தனை படி என்று கேள். சரிவில் கட்டிய கட்டடங்கள் பலவற்றில் நாற்பது ஐம்பது படி இறங்க வேண்டியிருக்கும். வெந்நீர் விடியற்காலையிலேயே வருமா என்றும் கேள்.

நேற்று மாலை அம்மாவிடம் வாகுவரைக்குப் போகலாமா என்று மெதுவாகக் கேட்டேன். பதில் சொல்லவில்லை. இன்று காலை பீரோவின் அடித்தட்டிலிருந்து பாட்டியின் கறுப்புக் கம்பளியை எடுத்து மொட்டைமாடியில் வெயிலில் போட்டிருக்கிறாள். தேதியை இந்த வாரமே முடிவு செய்து எழுது. வளைவுகளில் பின்னால் உட்கார்ந்தால் அவளுக்குத் தலைசுற்றும். முன் இருக்கையை அவளுக்குக் கொடு.

அன்புடன்,
அக்கா
உடுமலைப்பேட்டை