பரணிலிருந்து இறங்கிய 61 பக்கங்கள்

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று சாயங்காலம் கடைசி வரியையும் ஏற்றி முடித்தேன். தமிழ்நாட்டு அகழாய்வு இடங்களின் காலக் கணிப்பு எண்களை நான் சேர்த்துவைத்திருந்த அட்டவணை முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. மார்ச் மாதம் அது மொத்தமாகப் போன கதையை இங்கே மறுபடி எழுதவில்லை. அன்று ராத்திரியே போன் போட்டு "நாங்க இருக்கோம்" என்று சொன்னவர்கள்தானே இதைப் படிக்கப் போகிறீர்கள். மனசு இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. ஆறிப்போவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி, பெரியவர் ஒருவருக்கு. பெயர் போட வேண்டாம் என்றார். முப்பது வருஷம் அகழாய்வுக் குழிகளில் வரைபடம் போட்டு, நாட்குறிப்பு எழுதி, ஓய்வு பெற்றவர். நான் அவரை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

வட தமிழ்நாட்டில் 1980-களில் தோண்டிய சின்ன இடம் ஒன்று உண்டு. கீழே புதிய கற்காலம், மேலே இரும்புக் காலம். அறிக்கை வரவேயில்லை. அங்கிருந்து போன மூன்று மரக்கரி மாதிரிகளின் காலம் மட்டும் பழைய தட்டச்சுப் பட்டியல் ஒன்றில் இருந்தது. கரியில் மிச்சமிருக்கும் கரிமம்-14-ஐ அளந்து, 1950-க்கு எத்தனை ஆண்டு முந்தியது என்று சொல்லும் எண்கள் அவை. மூன்றுமே 2,450-ஐ ஒட்டியவை. பிழைவரம்பு இருந்தது, ஆழம் இல்லை, அடுக்கு இல்லை, எந்த அரைவாழ்வை (கரிமம்-14 பாதியாகக் குறைய ஆகும் காலத்தை) வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்பதும் இல்லை. 5,568 ஆண்டா, 5,730 ஆண்டா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் அந்த எண்கள் சுமார் 70 ஆண்டு தள்ளிப்போகும். அதைவிடப் பெரிய சிக்கல், அவை விழுந்திருக்கும் இடம். கி.மு. 800 முதல் 400 வரை கரிம எண்ணை உண்மையான ஆண்டாக மாற்றித்தரும் அளவுத்திருத்தக் கோடு கிட்டத்தட்ட மட்டமாகப் படுத்துக் கிடக்கிறது. அந்த நானூறு ஆண்டில் எப்போது எரிந்த விறகாக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் சொல்லும். கீழடி அகழாய்வில் வந்த கி.மு. 580-உம் பழனிக்குப் பக்கத்துப் பொருந்தலில் வந்த கி.மு. 490-உம் அந்த மட்டப் பகுதிக்குள்தான் வருகின்றன. அங்கே நம்மைக் கரையேற்றுவது மண் மட்டும்தான். எது மேலே கிடந்தது, எது கீழே கிடந்தது என்று தெரிந்தால்தான் எது முந்தியது என்று சொல்ல முடியும். கீழடி மாதிரி 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்தது என்று அச்சில் இருக்கிறதே, அந்த ஒரு குறிப்பின் மதிப்பு எனக்கு இப்போதுதான் முழுசாகப் புரிகிறது.

முன்னாலும் இந்த மூன்று வரிகளை ஆழம் இல்லாமல்தான் வைத்திருந்தேன். எல்லாம் போன பிறகு, திரும்ப ஏற்றும்போதாவது சரியாக ஏற்றலாமே என்று யார் யாரையோ கேட்டு, அந்த இடத்தில் நாட்குறிப்பு எழுதிய அந்தப் பெரியவருடைய போன் எண்ணை வாங்கினேன். ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டரை மணிக்குத் தயங்கித் தயங்கித்தான் கூப்பிட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நோட்டு இருக்கும்மா. பரண்ல டிரங்குப் பெட்டியில இருக்கு. நாளைக்குப் பேத்தி வந்ததும் எடுத்துப் பாக்குறேன்" என்றார்.

பத்தே முக்காலுக்கு வாட்ஸப்பில் முதல் படம் வந்தது. பிறகு ஒவ்வொன்றாக, நள்ளிரவு தாண்டியும் வந்துகொண்டே இருந்தன. மொத்தம் 61 பக்கம். எழுபத்தெட்டு வயசில், தனியாக, ஏணி போட்டு ஏறியிருக்கிறார். "ஏன்யா இப்படிப் பண்ணீங்க" என்று மறுநாள் கேட்டேன். "நீ அழுதுட்டுப் பேசுனியேம்மா. காலையில வரைக்கும் எப்படித் தாங்குவே" என்றார். நான் அழுததாக எனக்கு நினைவே இல்லை.

அந்தப் படங்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் இடது ஓரத்திலும் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் 15 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேல். நோட்டுப் பக்கத்தைப் படம் எடுக்க அது தேவையே இல்லை. ஆனால் அளவுகோல் வைக்காமல் எதையும் படம் எடுக்கக் கூடாது என்று கை பழகிப்போன மனிதர். விளக்கு வெளிச்சத்தில் எழுத்து பளபளத்த பக்கங்களை மட்டும் மறுபடி எடுத்து அனுப்பியிருந்தார். 61 படத்திலும் ஸ்கேல் ஒரே இடத்தில், நேராக, பக்கத்தின் அடி ஓரத்தோடு ஒட்டி இருந்தது.

முப்பத்து நான்காவது பக்கத்தில் நான் தேடியது கிடைத்தது. நீல மசி, சாய்ந்த கையெழுத்து. ஆழம் 1.42 மீட்டர், மூன்றாவது அடுக்கு, அடுப்புச் சாம்பலை ஒட்டிக் கரி. மெல்லிய வேர் இருந்தது, இடுக்கியால் எடுத்தோம். கையால் தொடவில்லை. அலுமினியத் தாளில் மடித்து, உறையில் போட்டு, சீட்டு கட்டியாயிற்று. அதற்குக் கீழே, "கண்டெடுத்தது" என்று ஒரு பெண்ணின் பெயர். கூலிக்கு வந்த உள்ளூர்ப் பெண். மற்ற இரண்டு மாதிரிகளுக்கும் இதே போலக் குறிப்பு இருந்தது. பின் அட்டையில் ஆய்வகத்திலிருந்து வந்த கடிதத்தையே ஒட்டி வைத்திருந்தார். ஆய்வக எண், இரண்டு அரைவாழ்வுக்கும் தனித்தனிக் கணக்கு, எல்லாம் அதில் இருந்தன.

அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷமாக நான் எண்களைத்தான் சேர்த்துக்கொண்டிருந்தேன். ஈர மண்ணில் ஒரு கரித்துண்டு கருப்பாக மினுங்கியதைக் கண்டு, கொத்தை நிறுத்திவிட்டு மேலே ஒருத்தரைக் கூப்பிட்ட பெண்ணால்தான் அந்த எண்ணே வந்தது. அவர் கவனிக்காமல் கொத்தியிருந்தால் இன்று அந்த வரியே கிடையாது. இனி என் அட்டவணையில் "கண்டெடுத்தவர்" என்று ஒரு பத்தி இருக்கும். பெரும்பாலான கட்டங்கள் காலியாகத்தான் கிடக்கும். கிடக்கட்டும். இந்த அம்மாவின் பெயரை அவர் குடும்பத்தைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன். ஐயாவே ஊரில் விசாரிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

மற்றவர்களுக்கெல்லாம் தனித்தனியாக எழுத வேண்டும், இப்போது முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு அருகே உள்ள பழைய கற்கால இடமான அத்திரம்பாக்கத்தின் வரிகளைக் கட்டிக்கொடுத்த புதுச்சேரித் தம்பி: 2011-இல் வந்த 15 லட்சம் ஆண்டுக் கணக்கு கல் மண்ணுக்குள் புதைந்து எவ்வளவு காலம் என்று சொல்லும் அலுமினியம்-26, பெரிலியம்-10 வழியில் கிடைத்தது, 2018-இல் வந்த 3,85,000 ± 64,000 ஆண்டு, மண் துகள் கடைசியாக வெயில் பட்ட காலத்தைச் சொல்லும் ஒளித்தூண்டல் வழியில் கிடைத்தது, இரண்டையும் கரிமக் கணக்கோடு ஒரே பத்தியில் போடக் கூடாது என்று அடம்பிடித்தாய். நீ சொன்னதுதான் சரி. மயிலாடும்பாறை கி.மு. 2172, சிவகளை கி.மு. 3345 என்று செய்தியில் ஒற்றை எண்ணாக வந்தவற்றுக்கு, மாதிரி என்ன, எந்த ஆய்வகம், பிழைவரம்பு எவ்வளவு என்று அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி வாசித்த மதுரைத் தோழிகள். பூட்டும் நேரத்துக்குப் பிறகும் விளக்கை அணைக்காமல் பழைய இதழ்களை எடுத்துக் கொடுத்த நூலக அண்ணன். பழைய புத்தகங்களில் 1950-ஐக் கழித்து நேரடியாகக் கி.மு. என்று அச்சிட்டிருந்த எண்களை எல்லாம் மூல எண்ணுக்குத் திருப்பிய கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர். மூன்று வாரம் ராத்திரிச் சாப்பாட்டை என் மேஜைக்கே கொண்டுவந்து வைத்த அத்தை. உங்கள் ஒருவரையும் மறக்க மாட்டேன்.

இனி இந்த அட்டவணை மூன்று ஊரில் மூன்று பேரிடம் இருக்கும். யார் கேட்டாலும் கொடுப்பேன். ஆய்வக எண் இல்லாத எந்த எண்ணும் உள்ளே வராது.

ஐயாவிடம் "உங்களுக்கு நான் என்ன செய்யட்டும்" என்று மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவைதான் சொன்னார்: "அந்த மூணு வரி இருக்கிற பக்கத்தைக் கொஞ்சம் பெரிய எழுத்துல அச்சடிச்சுக் கொடும்மா. போன்ல பார்த்தா கண்ணு தெரியல." ஏ-3 தாளில் எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் கொண்டுபோகிறேன்.