வளைகாப்புக்கு வராததற்குக் காரணம்

டீச்சரம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். உன் வளைகாப்புப் படங்களை மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கன்னத்தில் சந்தனம், கை நிறைய வளையல், பக்கத்தில் உன் சித்தி அதே பச்சைப் பட்டில் (அது இன்னுமா கிழியவில்லை!). எனக்குக் காய்ச்சல் என்று சொன்னது பொய். போன வருஷம் நீ கூப்பிட்டபோதெல்லாம் போனை எடுக்காததற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

பாப்பா பிறந்த மூன்றாம் நாள் அழுகை தொடங்கியது. பிள்ளை பெற்ற பலருக்கும் அப்படி வருமாம், இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடுமாம். எனக்கு அடங்கவில்லை. அப்புறம் அழுகையே வராமல் போனது, அதுதான் இன்னும் மோசம். அம்மா உருட்டித் தரும் பிரசவ லேகியம் ஜன்னல் திண்டில் எறும்பு மொய்த்துக் கிடக்கும். எடுத்து வாயில் போட வேண்டும் என்று தெரியும், கை போகாது. தொட்டிலில் அவள் வீறிட்டால் யார் வீட்டுக் குழந்தையோ அழுகிற மாதிரி இருக்கும். அவள் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது. பச்சை உடம்புக்காரி அழக்கூடாது என்றார்கள், கண்ணேறு கழித்தார்கள், மந்திரித்த கயிறு கட்டினார்கள். அவர்களுக்குத் தெரிந்ததைப் பாசத்தோடுதான் செய்தார்கள்.

ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போனபோது ஊசி போட்ட நர்ஸ் பாப்பாவை என் கையில் தந்துவிட்டு, "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். அதற்குக்கூட எனக்குப் பதில் வரவில்லை. அவர்தான் டாக்டரிடம் அழைத்துப் போனார். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க 10 கேள்விகள் கொண்ட ஒரு தாள், கடந்த ஏழு நாள் எப்படி இருந்தது என்று. 1987-இல் எடின்பரோவில் வந்தது, தமிழிலும் இருக்கிறது. பத்தாவது கேள்வி, என்னை நானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. 'சில நேரம்' என்பதில் டிக் போட்டேன். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே நின்ற இவரை உள்ளே கூப்பிட்டார்.

தைராய்டும் ரத்தசோகையும் இருக்கிறதா என்று பரிசோதித்தார்கள், ஏனென்றால் அவையும் இப்படிப் படுத்தும். அப்புறம் பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரை, வாரம் ஒருமுறை கவுன்சலிங். மூன்று நான்கு வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் அம்மா ரசத்துக்குத் தாளித்த வாசனை மூக்கில் ஏறியது, பசித்தது. தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இப்போது நன்றாக இருக்கிறேனடி. ஆனால் உன் வளையல் அடுக்கைப் பார்த்ததும் என் சீமந்தம் நினைவுக்கு வந்தது, பஸ் ஏறத் தைரியம் வரவில்லை. மன்னித்துவிடு.

இப்போது உன் விஷயம். போன வாரம் குரல் பதிவில் "எதுவும் பிடிக்கலடி" என்று சொல்லிவிட்டு உடனே சிரித்தாயே, அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. இந்த மனச்சோர்வு கர்ப்பத்திலேயே தொடங்கலாம், பிள்ளை பிறக்கும்வரை காத்திருக்காது. ஆதாரம் கேட்பாய், தெரியும்: தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் எடுத்த ஓர் ஆய்வு 2002-இல் வெளிவந்தது. அதில் நூற்றுக்கு 11 தாய்மாருக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. பணமுடை, மாமியாரோடு மனஸ்தாபம், பையனை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறப்பது, கைவேலைக்கு ஆளில்லாமை ஆகியவை அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டிருந்தன. உன் மாமியார் தினமும் 'பேரன், பேரன்' என்பதையும், அம்மா இல்லாமல் நீ பிரசவத்துக்குப் போகப்போவதையும் நினைத்து எனக்கு இரவில் தூக்கம் போகிறது.

அடுத்த செக்கப்பில் வயிற்றைப் பார்த்து முடித்ததும் எழுந்துவிடாதே. தூக்கம் இல்லை, எதுவும் பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல். நடுராத்திரி தாங்க முடியாமல் போனால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போடு, தமிழில் பேசலாம், காசு இல்லை. எனக்கும் போடு, இனி எடுப்பேன்.

பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே பாப்பாவோடு வந்து ஒரு மாதம் இருக்கப் போகிறேன். இவரிடம் சொல்லியாகிவிட்டது. உன் வீட்டில் அந்த மாடி அறையை ஒழித்து வை, கொசுவலை நான் கொண்டு வருகிறேன்.

உன்
பெஞ்சுக்காரி