பொருள்: ஃப்ளோட்டுக்கு (பேட்டரி நிறைந்தபின் குறைந்த வோல்டேஜில் பராமரிக்கும் நிலைக்கு) இறங்காத சார்ஜரும் செத்துப்போன இரண்டு பேட்டரிகளும்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதே புகார் உங்களிடம் ஏற்கெனவே பல எண்களில் பதிவாகியிருக்கிறது. கூப்பிடும்போதெல்லாம் புது எண் தருகிறீர்கள். பழைய எண் என்ன ஆயிற்று என்று கேட்டால், "அதை முடித்துவிட்டோம் சார்" என்று பதில் வருகிறது. உங்களுக்கு முடிந்திருக்கலாம், எனக்கு முடியவில்லை. அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

என் மோட்டார்ஹோமுக்கு (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டிக்கு) உங்களுடைய இரண்டு அவுட்புட் சார்ஜரை வாங்கியதே ஒரே ஒரு காரணத்துக்காக. வண்டி மாதக்கணக்கில் நிற்கும். "கரண்டில் மாட்டிவிட்டு மறந்துவிடலாம், இரண்டு பேட்டரியையும் அது பார்த்துக்கொள்ளும்" என்று பெட்டி மேலேயே போட்டிருக்கிறீர்கள். மாட்டினேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால் உள்ளே அழுகிய முட்டை நாற்றம். விளக்கு, பம்ப், ஃபிரிட்ஜ் எல்லாம் ஓடுகிற ஏஜிஎம் பேட்டரி (சீல் வைத்த ஈய-அமில வகை) பக்கவாட்டில் உப்பிப்போய், கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. மல்டிமீட்டரில் 14.4 வோல்ட். உங்கள் சார்ஜரில் இன்னமும் சார்ஜ் ஏறுவதாகச் சொல்லும் அந்த மஞ்சள் விளக்கு! பச்சைக்கு மாறவே இல்லை. பேட்டரி நிறைந்ததும் 13.6 பக்கம் இறங்கி நிற்க வேண்டியது, அடுப்பில் வைத்து மறந்த பால் மாதிரி அதைக் கொதிக்கவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. சீல் வைத்த பேட்டரியில் வறண்டுபோன தண்ணீரைத் திரும்ப ஊற்றவும் வழியில்லை.

சரி, ஒன்று அப்படிப் போனது. இன்ஜின் பேட்டரி இதற்கு நேர்மாறாகச் செத்தது. இரண்டாவது அவுட்புட்டில் சொட்டு கரண்ட் வரவில்லை. வண்டி சும்மா நின்றாலும் அலாரமும் டிராக்கரும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும், அதை ஈடுகட்டத்தானே அந்த அவுட்புட்? நான் பார்த்தபோது 10 வோல்ட் சொச்சம். ஓய்வில் 12.4-க்குக் கீழே கிடந்தாலே தகட்டில் சல்ஃபேட் படிந்து இறுக ஆரம்பிக்கும் என்பது பேட்டரி விற்கிற சின்னக் கடைக்காரருக்கும் தெரியும். சார்ஜர் செய்கிற உங்களுக்குத் தெரியாதா?

இதைச் சொல்லத்தான் போன் செய்தேன். எடுத்தவர் நான் முடிக்கும் முன்பே, "ஓட்டாத வண்டியை ஏன் சார் வாங்கினீர்கள்?" என்று கேட்டார். இத்தனை வயதில் இப்படி ஒரு பேச்சு கேட்டதில்லை. நிற்கிற வண்டிக்கு என்று நீங்களே விற்கிற பொருள் இது! வாரம் பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிடச் சொல்லி அறிவுரை வேறு. பத்து நிமிடம் ஐடிலில் ஓடினால் ஸ்டார்ட் செய்யச் செலவானதற்கு மேல் பெரிதாக என்ன ஏறிவிடும்? அப்படியே ஓடவிடுவதென்றால் உங்கள் சார்ஜர் எனக்கு எதற்கு? பின்னால் யாரோ சிரிப்பதும் கேட்டது. உரையாடலைப் பதிவு செய்வதாகச் சொல்லித்தானே ஆரம்பிக்கிறீர்கள், தயவுசெய்து எடுத்துக் கேளுங்கள்.

அடுத்து பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார், குறை சொல்ல மாட்டேன். லித்தியம் பேட்டரிக்கு மாறிவிடுங்கள் என்றார். லித்தியத்தை முழுச் சார்ஜில் மாதக்கணக்கில் பிடித்து வைக்கக் கூடாது, பாதிக்குச் சற்று மேலே விட்டு இணைப்பைக் கழற்றி வைப்பதுதான் நல்லது. இறங்கவே தெரியாத இந்தச் சார்ஜரிடம் அதையும் கொண்டுபோய்க் கொடுக்கவா? இன்னொருவர் சோலார் பேனல் மாட்டச் சொன்னார். வண்டி நிற்பது கூரைக்கு அடியில் என்று அதற்கு முன்பே இரண்டு தடவை சொல்லியிருந்தேன்.

எல்லாவற்றையும்விட அநியாயம் அந்த சர்வீஸ் சென்டர் பயணம். "வண்டியோடு வந்தால்தான் பார்ப்போம்" என்றீர்கள். பேட்டரி செத்த வண்டி எப்படி வரும்? இழுவை வண்டி வைத்துக் கொண்டுபோனேன். கவுன்டரில் இருந்தவர் வெளியே எட்டிக்கூடப் பார்க்காமல், சார்ஜரை மட்டும் கழற்றிக் கொரியரில் அனுப்பினால் போதும் என்றார். திரும்பவும் இழுவை வண்டி, திரும்பவும் வாடகை. அனுப்பியதும் "சோதித்தோம், குறை இல்லை" என்று ஒரு வரிச் சீட்டோடு அதே சார்ஜர் வந்தது. எதில் மாட்டிச் சோதித்தீர்கள்? எத்தனை மணி நேரம்? சீட்டில் ஒன்றும் இல்லை. வந்ததை மாட்டினால் அதே மஞ்சள் விளக்கு, அதே 14.4. படம் இணைத்திருக்கிறேன்.

இந்த ஒரு பெட்டியால் பேட்டரி, வாடகை, அலைச்சல், போட்டிருந்த பயணம் எல்லாம் போயிற்று. இந்த வருடமே நாசம். சேமிப்பு என்று சொல்லிக்கொள்ள மிச்சம் எதுவும் இல்லை.

நான் சண்டைக்காரன் இல்லை. சார்ஜரைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும், இரண்டு பேட்டரிகளின் விலையையும், இழுவை வண்டி வாடகையையும் தாருங்கள். மாற்று சார்ஜர் வேண்டாம், அதைக் காவல் காக்க என்னால் முடியாது. பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். ரசீதுகள், மல்டிமீட்டர் படங்கள், உப்பிய பேட்டரி எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அந்த அளவுக்குப் போக விடமாட்டீர்கள் என்று இன்னமும் நம்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: பதிலைத் தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள். போனில் வேண்டாம். தப்பித் தவறி அழைத்தாலும், ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டவர் கையில் போனைக் கொடுத்துவிடாதீர்கள்.